இரண்டாவது கேபிள்



ஒரு ஆலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் பெட்டிக்குள் இரண்டு ஈதர்நெட் ஸ்விட்ச் கார்டுகளைப் பொருத்தினேன். இரண்டையும் இணைக்க ஒரு கேபிள் போதும். 'ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டுமே' என்று இரண்டாவதையும் செருகினேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, ஐ.பி. போன்கள் அத்தனையும் ஊமை!

ஐ.பி. பாக்கெட்டுக்கு டி.டி.எல். என்று ஓர் ஆயுசுக் கணக்கு உண்டு; ஈதர்நெட் ஃபிரேமுக்குக் கிடையாது. எல்லோருக்குமென்று கிளம்பிய பிராட்காஸ்ட் ஃபிரேம் இரண்டு கேபிள்களிலும் ஓயாமல் சுற்றி லைனையே அடைத்துவிடும். இதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ, 802.1டி தரமாக 1990-லேயே வந்தாயிற்று. கார்டில் அதை 'ஆன்' செய்ய மறந்தது நான்தான்.

அந்த நேரம் பார்த்து பாய்லர் பக்கம் ஒருவருக்குக் கை வெந்துவிட்டது. முதலுதவி அறைக்குப் போன் போகவில்லை, ஆள்தான் ஓடினார். நல்லவேளை, லேசான காயம்.

இப்போது ஸ்பானிங் ட்ரீயைப் பார்த்த பிறகுதான் கேபிளைத் தொடுகிறேன். முதலுதவி அறைக்கு மட்டும், ஸ்விட்சை நம்பாத சாதா அனலாக் எக்ஸ்டென்ஷன்!