காவலூர் ஆடியும் பிளவுண்ட உலகமும்



இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு அமெரிக்காவும் சோவியத் ருஷ்யாவும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றதை உங்கள் சரித்திரப் புத்தகங்கள் 'பனிப்போர்' என்று கூறும். நான் சிறுவனாக இருந்த காலத்துப் பத்திரிகைகள் இதனைக் 'கெடுபிடிப் போர்' என்று எழுதும். பின்னதே பொருத்தமான பெயர் என்பது என் எண்ணம். பனி என்ற சொல்லில் ஓர் அமைதி இருக்கிறது; அந்நாளைய நிகழ்ச்சிகளில் அமைதி இல்லை. அந்தப் போட்டி எவ்வாறு தொடங்கியது என்பதைப் பேச வந்திருக்கிறேன். பெர்லினிலிருந்தோ மாஸ்கோவிலிருந்தோ தொடங்காமல், நான் பல்லாண்டுகள் ஆசிரியப் பணி செய்த ஜவ்வாது மலையிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் போட்டியோடு நெருங்கிய உறவுடைய ஒரு பொருள் அங்கே இருக்கிறது.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக மலையேறினால் காவலூர் வரும். கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 725 மீட்டர் உயரம். சாமைக் கொல்லைகளும் சந்தன மரங்களும் உள்ள பகுதி. நகரத்து விளக்கொளி எட்டாத வானம் வேண்டுமென்று தேடிய வானநூல் அறிஞர் வேணு பாப்பு, 1960-களின் பிற்பகுதியில் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்தார். முதலில் கோடைக்கானல் பணிமனையிலேயே உருவான 38 சென்டிமீட்டர் தொலைநோக்கி ஒன்றை இங்கே நிறுவினார்கள். பிறகு 1972-இல் 102 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஆடியைக் கொண்ட பெரிய தொலைநோக்கி வந்து சேர்ந்தது. தொலைநோக்கியின் ஆற்றல் ஆடியின் பரப்பைப் பொறுத்தது. முன்னதைவிட இது ஏறத்தாழ ஏழு மடங்கு ஒளியைத் திரட்டும். இதைச் செய்தளித்தது யேனா நகரத்துக் கார்ல் ஜைஸ் தொழிற்சாலை.

யேனா எங்கே இருக்கிறது? ஜெர்மனியில் என்பீர்கள். அந்த விடை இன்றைக்குப் போதும். 1972-இல் அது பாதி விடைதான். எந்த ஜெர்மனி என்று உடனே கேட்பார்கள். அந்த ஒரு கேள்விக்குள்ளே நம்முடைய பொருள் முழுவதும் அடங்கியிருக்கிறது.

கார்ல் ஜைஸ் என்பவர் 1846-இல் யேனாவில் ஒரு சிறு பட்டறையைத் தொடங்கினார். நுண்ணோக்கிகள் செய்தார். ஏர்ன்ஸ்ட் ஆபே என்ற பௌதிகப் பேராசிரியர் அவரோடு சேர்ந்து, அதுவரை கைப்பழக்கத்தால் செய்துவந்த வில்லைகளைக் கணக்கிட்டுச் செய்யும் முறையை வகுத்தார். ஓட்டோ ஷாட் என்ற ரசாயன அறிஞர் அவற்றுக்கேற்ற புதுவகைக் கண்ணாடிகளை அதே ஊரில் உருக்கினார். இம்மூவரின் கூட்டுறவால் ஒரு சிற்றூர் உலகப் புகழ் பெற்றது. ஆபே ஓர் அரிய மனிதர். தம் பங்குகளை ஓர் அறநிலையத்துக்கு எழுதி வைத்துவிட்டு, 1900-ஆம் ஆண்டிலேயே தொழிலாளருக்கு எட்டு மணி நேர வேலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

நுண்ணோக்கி செய்யும் கை பீரங்கியின் குறிநோக்கியையும் செய்யும். நீர்மூழ்கிக் கப்பலின் கண்ணையும் விமானத்திலிருந்து படமெடுக்கும் கருவியையும் செய்யும். இரண்டு உலகப் போர்களிலும் யேனா இவற்றைச் செய்தது. ஆகவே 1945-இல் ஹிட்லரின் ஆட்சி சரிந்தபோது, வென்றவர்கள் எல்லோருடைய கண்ணும் அந்த ஊரின்மேல் விழுந்தது வியப்பில்லை.

ஏப்ரல் மாதம் அமெரிக்கப் படை முதலில் யேனாவை அடைந்தது. ஆனால் ஜெர்மனியை எவ்வாறு பங்கிட்டுக்கொள்வது என்று நேச நாடுகள் முந்திய ஆண்டே லண்டனில் உடன்பாடு செய்திருந்தன. அதன்படி யேனா இருக்கும் தூரிங்கியா மாநிலம் ருஷ்யப் பகுதி. அமெரிக்கர் வாக்கைக் காப்பாற்றி ஜூலைத் தொடக்கத்தில் அவ்விடத்தை விட்டு நீங்கினார்கள். நீங்குவதற்கு முன்னே ஜூன் மாதத்தில், ஜைஸ் தொழிற்சாலையின் நிர்வாகிகளும் அறிஞர்களுமாக எழுபதுக்கும் மேற்பட்டோரைக் குடும்பத்தோடு வண்டிகளில் ஏற்றி மேற்கே கொண்டுசென்றார்கள். ஷாட் தொழிற்சாலையிலிருந்து 41 கண்ணாடி வல்லுநரும் அவ்வாறே போனார்கள். அவர்களுடைய விருப்பத்தைக் கேட்டதைவிட உத்தரவிட்டதே அதிகம்.

மூளையை ஒரு தரப்பு கொண்டுபோயிற்று. கைகளையும் கருவிகளையும் மறு தரப்பு விட்டு வைக்குமா? 1946 அக்டோபர் 20-ஆம் தேதி ருஷ்யப் பகுதியில் தேர்தல் நடந்தது. தேர்தல் முடியும் வரையில் பொறுத்திருந்தார்கள் போலும். 22-ஆம் தேதி விடியற்காலை, ஜெர்மானிய வல்லுநர்களின் வீட்டுக் கதவுகள் ஒரே நேரத்தில் பல நகரங்களில் தட்டப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வல்லுநர்கள், மனைவி மக்களோடும் தட்டுமுட்டுச் சாமான்களோடும் சோவியத் நாட்டுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். யேனாவின் ஜைஸ் வல்லுநர்களும் அவர்களுள் இருந்தார்கள். பலர் ஆண்டுகள் பல கழித்து, 1950-களில்தான் ஊர் திரும்பினார்கள். தொழிற்சாலையின் இயந்திரங்களில் மிகப் பெரும் பகுதியும் போர் நஷ்டஈடு என்ற கணக்கில் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஜைஸ் குழுமத்தின் 'கான்டாக்ஸ்' என்னும் புகழ்பெற்ற புகைப்படக் கருவி, உக்ரைன் நாட்டுக் கீவ் நகரத்தில் 'கீவ்' என்ற பெயரோடு மறுபிறவி எடுத்தது.

ருஷ்யாவை மட்டும் குற்றம் கூறுவது எளிது. அந்நாட்டில் ஜெர்மானியப் படை செய்த அழிவை நினைத்தால் நஷ்டஈடு கேட்டது நியாயமே. ஆனால் இயந்திரத்தைக் கேட்பது வேறு, மனிதனைக் கேட்பது வேறு. இந்த வேற்றுமையை இரு தரப்பாருமே அன்று மறந்தார்கள்.

இவை யேனாவில் நடந்துகொண்டிருந்தபோது வெளியுலகில் நடந்தவற்றை நீங்கள் படித்திருப்பீர்கள். 1946 மார்ச்சில் அமெரிக்காவின் புல்டன் நகரில் சர்ச்சில் நிகழ்த்திய 'இரும்புத்திரை'ப் பேச்சு, 1947-இல் ட்ரூமன் கொள்கையும் மார்ஷல் உதவித் திட்டமும், 1948 ஜூன் முதல் 1949 மே வரை பெர்லின் முற்றுகை, அதே 1949-இல் வட அட்லாண்டிக் ஒப்பந்தம், ருஷ்யாவின் முதல் அணுகுண்டுச் சோதனை, மேற்கு ஜெர்மனி, கிழக்கு ஜெர்மனி என இரண்டு அரசுகள். அடுத்த ஆண்டே கொரியாவில் பெரும் போர். அங்கே 1953 வரை லட்சக்கணக்கானவர் மாண்டனர். அதனால்தான் 'பனி' என்ற சொல்லின்மேல் எனக்கு வருத்தம்.

ஜெர்மனி இரண்டானபோது ஜைஸும் இரண்டாயிற்று. மேற்கே போனவர்கள் ஓபர்கோக்கன் என்ற ஊரில் புதுத் தொழிற்சாலை தொடங்கினார்கள். கிழக்கே தங்கியவர்கள் வெறுமையாகிப் போன கொட்டகைகளில் மீண்டும் இயந்திரங்களை நிறுவினார்கள். அது 1948-இல் அரசுடைமையாயிற்று. யார் உண்மையான கார்ல் ஜைஸ் என்ற வழக்கு 1950-களில் தொடங்கிப் பல நாட்டு நீதிமன்றங்களில் நடந்தது. இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை வரையில் போயிற்று. அங்கே எழுந்த கேள்வி விசித்திரமானது: பிரிட்டன் அங்கீகரிக்காத கிழக்கு ஜெர்மனி அரசின் செயல்களை பிரிட்டிஷ் நீதிமன்றம் ஏற்கலாமா? அவ்வரசை ருஷ்யாவுக்குக் கீழ்ப்பட்ட ஓர் அமைப்பாகக் கருதலாம் என்று 1966-இல் நீதிபதிகள் ஒருவாறு வழி கண்டார்கள். 1971-இல்தான் இரு நிறுவனங்களும் லண்டனில் உடன்படிக்கைக்கு வந்து, யார் எந்த நாட்டில் அப்பெயரை வழங்கலாம் என்று வரையறுத்துக்கொண்டன.

இதை ஒரு முறை வகுப்பில் விளக்கியபோது மலைக்கிராமத்துச் சிறுவன் ஒருவன் எழுந்து, "ஐயா, அண்ணன் தம்பி பாகம் பிரித்தால் கொல்லையை அளந்து பிரிப்பார்கள். அப்பன் பேரை எப்படி ஐயா பிரிப்பார்கள்?" என்று கேட்டான். நீதிபதிகள் பல ஆண்டுகள் திண்டாடிய விஷயம் அதுவேதான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கிழக்கு ஜெர்மனியை எந்த நாடு அங்கீகரித்தாலும் அந்நாட்டோடு உறவை முறித்துக்கொள்வதாக மேற்கு ஜெர்மனி 1955-இல் எச்சரித்திருந்தது. இந்தியாவுக்கு இரண்டும் வேண்டும். கிழக்கு ஜெர்மனியோடு 1954 முதலே வாணிக ஒப்பந்தம் இருந்தது. முழுத் தூதரக உறவு இல்லை. சரக்கு வரும், தூதர் வரமாட்டார். 1959-இல் சென்னையில் தொடங்கிய இந்தியத் தொழில்நுட்பக் கழகம் மேற்கு ஜெர்மனியின் உதவியால் எழுந்தது. நெய்வேலியில் நிலக்கரி தோண்டும் ராட்சத இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன; அந்தக் கரியை எரித்து மின்சாரம் தரும் அனல்மின் நிலையமோ ருஷ்ய உதவியோடு கட்டப்பெற்று 1962-இல் இயங்கத் தொடங்கியது. ஒரே ஊரில் இரண்டு முகாம்களும் தோளோடு தோள் நின்றன. 'மதில்மேல் பூனை' என்று நம் கொள்கையை எள்ளி நகையாடியவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதுவதில்லை. அதே சமயம், கொடுத்தவர்கள் கருணையால் மட்டுமே கொடுத்தார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். கிழக்கு ஜெர்மனிக்கு நம் அங்கீகாரம் வேண்டியிருந்தது. மேற்கு ஜெர்மனிக்கு அதை நாம் கொடுக்காமலிருக்க வேண்டியிருந்தது. போட்டி இல்லாதிருந்தால் உதவியும் அத்தனை விரைவாக வந்திராது. நமக்கு நன்மை தந்த அதே போட்டிதான் கொரியாவில் ஊர்களை எரித்தது. இந்தக் கணக்கை எப்படி நேர்செய்வது என்பதை நான் பல முறை யோசித்ததுண்டு.

வேணு பாப்பு அவர்கள் சென்னையில் 1927-இல் பிறந்தவர். ஜெர்மனி இரண்டான அதே 1949-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தவர். அமெரிக்காவில் படித்த அவருடைய ஆய்வு நிலையத்துக்குக் கம்யூனிஸ்ட் நாட்டிலிருந்து தொலைநோக்கி வந்தது. 1972 ஜூன் 7-ஆம் தேதி, வியாழனின் துணைக்கோளாகிய கனிமீட் ஒரு விண்மீனை மறைத்தபோது அதைக் காவலூரில் இக்கருவியால் நோக்கினார்கள். கனிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற குறிப்பு அதனால் கிடைத்தது. அந்த வளி முதலில் எண்ணியதைவிட மிக மிக மெலிது என்று விண்கலங்கள் பிற்பாடு காட்டின. கிழக்கு ஜெர்மனியை இந்தியா முழுமையாக அங்கீகரித்தது அவ்வாண்டு அக்டோபரில். ஆக, தூதரகம் ஏற்படுவதற்கு முன்பே தொலைநோக்கி வேலையைத் தொடங்கிவிட்டது!

1977 மார்ச் 10-ஆம் தேதி நடந்தது இன்னும் சுவையானது. அன்று யுரேனஸ் கிரகம் ஒரு விண்மீனை மறைக்கவிருந்தது. அமெரிக்கர் ஒரு விமானத்தில் தொலைநோக்கியைப் பொருத்தி இந்துமாக் கடலின்மேல் பறந்தார்கள். காவலூரில் ஜே. சி. பட்டாச்சார்யா குழுவினர் யேனாத் தொலைநோக்கியோடு காத்திருந்தார்கள். கிரகம் மறைப்பதற்கு முன்னதாகவே விண்மீனின் ஒளி சில வினாடிகள் மங்கியது. யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று உண்டு என்று காவலூரார் முதலில் கருதினார்கள். விமானத்தில் இருந்தவர்கள் அத்தகைய மங்கல் பல கண்டார்கள். சேர்த்துப் பார்த்தபோது அவை யுரேனஸைச் சுற்றியுள்ள வளையங்கள் என்பது தெளிவாயிற்று. அமெரிக்க விமானமும் கிழக்கு ஜெர்மானிய ஆடியும் ஒரே விண்மீனை நோக்கிய அந்நாளில், பெர்லின் நகரத்தின் நடுவே மதில் நின்றுகொண்டுதான் இருந்தது. அந்த ஆடியைத் தீட்டிய யேனாத் தொழிலாளர் மேற்கே ஓர் உறவினரைக் காணச் செல்வதற்கும் அரசின் அனுமதி வேண்டும்.

பாப்பு 1982-இல் மறைந்தார். அவர் கனவு கண்ட 2.34 மீட்டர் தொலைநோக்கியை 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் திறந்து வைத்தார். அதற்கும் அந்நிலையத்துக்கும் பாப்புவின் பெயரே சூட்டப்பெற்றது. அதன் ஆடியைப் பெங்களூரில் நம்மவர்களே கடைந்து மெருகேற்றினார்கள். ஆனால் கடைவதற்குரிய கண்ணாடி, 'ஜெரோடூர்' என்னும் வகை. வெப்பத்தால் ஏறக்குறைய விரிவடையாதது. மேற்கு ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்து ஷாட் தொழிற்சாலை உருவாக்கியது. 1945-இல் யேனாவிலிருந்து வண்டியேறிப் போன அந்த 41 கண்ணாடி வல்லுநர்களை நினைவிருக்கிறதா? மைன்ஸ் தொழிற்சாலை அவர்கள் வழி வந்தது.

1990-இல் ஜெர்மனி மீண்டும் ஒன்றாயிற்று. அதன்பின் இரண்டு ஜைஸ் நிறுவனங்களும் இணைந்தன. இணைப்பில் யேனாவில் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். காவலூருக்கு நீங்கள் எப்போதாவது சென்றால், பாப்பு தொலைநோக்கியின் பெரிய கவிகையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். யேனாவிலிருந்து வந்த தொலைநோக்கியின் கவிகையும் அதே வளாகத்தில்தான் இருக்கிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்தே போய்விடலாம்.