பாசி பறிக்கிற கை



எங்க அம்மா மன்னார் வளைகுடாவில் பாசி எடுத்தவங்க. விரலில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசி பறிப்பாங்க. காயவைத்து, வியாபாரி சொன்ன விலைக்குப் போடுவாங்க. அது எதுக்குப் போகுதுன்னு வீட்டில் யாருக்கும் தெரியாது.

போன வருஷம் என் மகளுக்குச் சிறுநீரில் கிருமி. ரெண்டு மருந்து கொடுத்தும் காய்ச்சல் விடல. பிறகு கல்ச்சர் டெஸ்ட் எடுத்தாங்க. சின்னத் தட்டில் கிருமியை வளர்த்து, எந்த மருந்து கேட்கும்னு பார்த்தாங்க. அந்த மருந்தில்தான் பிள்ளை தேறினாள். தட்டில் கூழ் மாதிரி இருந்தது என்னன்னு லேப் தங்கச்சியிடம் கேட்டேன். "அகர் அக்கா. கடல்பாசியில் எடுக்கிறது" என்றாள். நோன்புக்குக் காய்ச்சுவோமே, அதேதான்!

அதை ஆய்வுக்கூடத்துக்குச் சொன்னதும் ஒரு பெண்தான். ஃபேனி ஹெஸ்ஸே. அவங்க கணவர் ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தார். கிருமி வளர்க்க வைத்த ஜெலட்டின் சூட்டில் உருகிப் போனது. சமையலில் தான் போடுகிற அகர் உருகாதே என்று 1881-ல் அவங்க சொன்னாங்க. மறுவருஷம் கோக் அகரைப் பற்றி எழுதினார். அந்த அம்மா பேரை எழுதல.

நம்ம உழைப்பை நாமளே எழுதுவோம் சகோதரிகளே. பாசி எடுக்கிற குழுக்கள் தினம் எடுத்த எடை, வாங்கின விலை ரெண்டையும் நோட்டில் குறிச்சு வையுங்க. கணக்கு கையில் இருந்தாத்தான் நியாய விலை கேட்க வாய் வரும்.