பக்கத்துக் கிருமிக்கும் கைமாறும் மரபணு

ஈ.கோலி நம் எல்லாருடைய குடலிலும் வாழும் கிருமி. அங்கே இருக்கும்வரை பெரும்பாலும் தொல்லை இல்லை. சிறுநீர்ப்பாதைத் தொற்று முற்றி அது இரத்தத்தில் கலந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. அப்போது பலிக்கக்கூடிய மருந்து தாமதமின்றிக் கிடைக்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத தன்மையைக் கிருமிகள் தம் சந்ததிக்கு மட்டும் கொடுப்பதில்லை. பிளாஸ்மிட் என்னும் சிறு மரபணு வளையத்தைப் படியெடுத்து, அருகிலுள்ள வேறு இனக் கிருமிக்கும் கொடுத்துவிடுகின்றன. (இதற்கு நல்ல தமிழ்ச்சொல் தேடிப் பார்த்துவிட்டு, பிளாஸ்மிட் என்றே எழுதிவிட்டேன்.) ஒரே வளையத்தில் பல மருந்துகளை முறியடிக்கும் மரபணுக்கள் சேர்ந்திருக்கலாம். நீங்கள் தேவையின்றிச் சாப்பிடும் ஒரு மருந்து, மற்ற மருந்துகளுக்கும் அடங்காத கிருமிகளைக் குடலில் பெருகவிடலாம்.

வேறு மருந்து பலிக்காதபோது மருத்துவர்கள் நாடுவது கோலிஸ்டின். அதையும் எதிர்க்கும் எம்சிஆர்-1 மரபணு பிளாஸ்மிட்டில் இருப்பது 2015இல் சீனாவிலிருந்து தெரியவந்தது. பன்றிகள், கடை இறைச்சி, நோயாளிகள் என மூன்றிடத்திலும் அது இருந்தது. அங்கே கால்நடைத் தீவனத்தில் கோலிஸ்டின் கலந்து வந்தார்கள். மலேசியாவில் கால்நடைகளுக்கு அது 2019 முதல் தடை.

ஆகவே சளிக்காய்ச்சலுக்கு நுண்ணுயிர்க்கொல்லி கேட்டு கிளினிக்கில் வற்புறுத்தாதீர்கள். சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது. பழைய மாத்திரையை அக்கா தங்கைக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

காய்ச்சலுடன் கடும் நடுக்கம், மூச்சுத்திணறல், மனக்குழப்பம் கண்டால் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அண்மையில் சாப்பிட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளையும், வெளிநாட்டு மருத்துவமனையில் தங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இரத்தப் பரிசோதனை முடிவு வர ஓரிரு நாளாகும். அதுவரை மருந்தைத் தேர்ந்தெடுக்க அந்த விவரம் அவருக்கு உதவும்.