வானில் வெடிக்கும் குண்டு, மண்ணில் அணையும் விளக்கு

(கமக்காரரும் பொறியியலாளரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



போராயுதங்களைப் பற்றிப் பேசும்பொழுது நாம் உயிர்ச்சேதத்தையே முதலில் எண்ணுகிறோம். இத்தனை பேர் மாண்டனர், இத்தனை வீடுகள் எரிந்தன என்று கணக்கிடுகிறோம். இன்று நான் பேச வந்த ஆயுதம் வேறு வகையைச் சேர்ந்தது. அது வெடிக்கும் கணத்தில் கீழே நிற்பவனின் உடலில் ஒரு கீறலும் ஏற்படாது. வீட்டுச் சுவரில் ஒரு வெடிப்பும் தோன்றாது. ஆயினும் ஒரு நாட்டின் மின்சாரத்தையும் தொலைபேசியையும், வங்கியையும் வைத்தியசாலையையும், குடிநீர் வழங்கலையும் ஒரே வேளையில் முடக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. விஞ்ஞானிகள் அதனை மின்காந்தத் துடிப்பு என அழைக்கின்றனர்.

இஃது ஏதோ கற்பனைக் கதை என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். 1962 ஆம் ஆண்டிலேயே இரு வல்லரசுகளும் இதனைச் செய்து பார்த்துவிட்டன. அன்று நடந்தவற்றை முதலில் கூறி, பின்னர் நமது கடமை யாது என்பதை ஆராய விரும்புகின்றேன்.

ஹவாய்த் தீவில் நடந்தது

1962 யூலை 8 ஆந் திகதி இரவு 11 மணியளவில், பசிபிக் சமுத்திரத்திலுள்ள ஜோன்ஸ்ரன் தீவுக்கு மேலே, 400 கிலோமீற்றர் உயரத்தில், அமெரிக்கா ஓர் அணுகுண்டை வெடிக்க வைத்தது. அக்குண்டின் வலு 14 இலட்சம் தொன் வெடிமருந்துக்கு ஈடானது. ‘ஸ்ரார்பிஷ் பிறைம்’ என்பது அப்பரிசோதனைக்கு இடப்பட்ட பெயர். அவ்விடத்திலிருந்து ஹவாய்த் தீவுகள் ஏறத்தாழ 1,400 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளன. அதாவது பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரையுள்ள நமது தீவின் நீளத்தைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான தூரம்.

இத்துணை தூரத்தில் என்ன நேரப்போகிறது என்றெண்ணி, ஹொனலூலு நகரத்து விடுதிகளின் மேன்மாடங்களில் மக்கள் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தனர். வானம் பல நிறங்களில் ஒளிர்ந்தது. அதே வேளையில் நகரில் ஏறத்தாழ 300 தெருவிளக்குகள் அணைந்தன. கள்வரை அறிவிக்கும் மணிகள் தாமாகவே ஒலித்தன. கௌவாய்த் தீவை ஏனைய தீவுகளோடு இணைத்த தொலைபேசித் தொடர்பு அறுந்தது. குண்டை வெடித்த விஞ்ஞானிகளே இவ்வளவு வலிமையான துடிப்பை எதிர்பார்த்திருக்கவில்லை. அவர்கள் வைத்திருந்த அளவுகருவிகள் பல, தம் எல்லையைக் கடந்த அளவினால் பயனற்றுப் போயின.

அத்துடன் நிற்கவில்லை. வெடிப்பினால் வானில் தங்கிய கதிர்வீச்சு குறைந்தது ஆறு செய்மதிகளையேனும் கெடுத்தது. யூலை 10 இல் ஏவப்பட்ட ‘ரெல்ஸ்ரார்’, அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டித் தொலைக்காட்சிப் படத்தை அனுப்பிய புகழ்பெற்ற செய்மதி. அக்கதிர்வீச்சினால் நலிவுற்று, 1963 பெப்ரவரியில் அது முற்றாகச் செயலிழந்தது.

எவ்வாறு நிகழ்கிறது?

இதன் இயல்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அணுகுண்டு மிக உயரத்தில் வெடிக்கும்பொழுது காமாக் கதிர்கள் எத்திசையும் பாய்கின்றன. கீழ்நோக்கி வருபவை காற்று மண்டலத்தின் மேற்பகுதியிலுள்ள அணுக்களில் மோதி, இலத்திரன்களை உதைத்துத் தள்ளுகின்றன. அந்த இலத்திரன்களைப் பூமியின் காந்தப்புலம் வளைத்துத் திருப்புகிறது. அவ்வாறு திரும்பும் கோடானுகோடி இலத்திரன்கள் சேர்ந்து மிகப் பெரியதொரு வானொலி அலையைப் போன்ற துடிப்பை நிலத்தை நோக்கி அனுப்புகின்றன. 400 கிலோமீற்றர் உயரத்தில் வெடித்தால், அவ்விடம் கண்ணுக்குத் தெரியக்கூடிய நிலப்பரப்பெல்லாம், அதாவது சுற்றிலும் 2,200 கிலோமீற்றர் வரையில், அதன் வீச்சுக்குள் அடங்கும்.

இத்துடிப்புக்கு மூன்று கட்டங்கள் உண்டு. முதலாவது, ஒரு செக்கனின் பத்து இலட்சத்திலொரு பங்குக்குள் எழுந்து முடிவது. இதுவே கணினி போன்ற நுண்ணிய மின் சாதனங்களைக் கெடுப்பது. இரண்டாவது மின்னலின் தாக்கத்தை ஒத்தது. மூன்றாவது மெதுவானது, பல செக்கன்கள் முதல் சில நிமிடங்கள் வரை நீடிப்பது. நீண்ட மின்கம்பிகளின் வழியாகப் புகுந்து, ரான்ஸ்போமர் என நாம் சொல்லும் பெரிய மின்மாற்றிகளைச் சூடேற்றிப் பழுதாக்குவது இம்மூன்றாவது கட்டமே.

கசாக்கு மக்களின் வானம்

அமெரிக்கா செய்ததைச் சோவியத் ஒன்றியமும் செய்தது. 1962 ஒக்ரோபர் 22 இல், கியூபா நெருக்கடியைப் பற்றி ஜனாதிபதி கென்னடி உலகுக்கு அறிவித்த அதே நாளில், கசகஸ்தானுக்கு மேலே 290 கிலோமீற்றர் உயரத்தில் 3 இலட்சம் தொன் வலுவுள்ள குண்டு வெடிக்கப்பட்டது. 570 கிலோமீற்றர் நீளமான தொலைபேசிக் கம்பியின் காப்புருகிகள் எரிந்தன. இன்று அஸ்தானா என வழங்கும் நகருக்கும் அல்மாட்டிக்கும் இடையே நிலத்தின் கீழ்ப் புதைக்கப்பட்டிருந்த, ஏறத்தாழ 1,000 கிலோமீற்றர் நீளமான மின்வடம் செயலிழந்தது. கரகண்டா நகரின் மின்னிலையத்தில் தீப்பற்றியது. மண்ணுக்குள் கிடந்த கம்பிக்கும் பாதுகாப்பில்லை என்பது அன்று தெளிவாயிற்று.

அன்பர்களே! இங்கே ஓர் உண்மையை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஹவாய் மக்களுக்குப் பரிசோதனை அறிவிக்கப்பட்டது. ஆனால் அவர்களது சம்மதம் கேட்கப்படவில்லை. கசாக்கு மக்களுக்கோ அறிவித்தல்தானும் கிடைக்கவில்லை. சோவியத் ஒன்றியம் 1991 இல் கலைந்த பின்னரே இவ்விவரங்களை வெளியுலகம் அறிந்தது. வல்லரசுகள் தம் வலிமையைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடங்கள் தலைநகரங்கள் அல்ல. தலைநகருக்குத் தொலைவில், தம் விருப்பத்தைச் சொல்லும் உரிமை குன்றியிருந்த மக்கள் வாழ்ந்த இடங்களே.

அன்றும் இன்றும்

ஹொனலூலுவில் 300 விளக்குகள்தாமே அணைந்தன, அதற்கா இவ்வளவு கவலை என்று சிலர் கேட்கலாம். 1962 ஆம் ஆண்டின் வானொலியும் தொலைபேசியும் பெரும்பாலும் கண்ணாடிக் குழாய்களால் இயங்கியவை. அவை முரட்டுத்தனமானவை, அடி தாங்கக்கூடியவை. இன்றைய உலகம் நகத்தினும் சிறிய சில்லுகளின் மீது கட்டப்பட்டிருக்கிறது. அவற்றின் நுண்மையே அவற்றின் பலவீனம். அன்று ஒரு வங்கிக் கணக்கு பேரேட்டில் இருந்தது. இன்று அது கணினியில் இருக்கிறது.

அணுகுண்டு இல்லாமலும் இத்தகைய துடிப்பைச் சிறிய பரப்பில் உண்டாக்கலாம். 2012 ஒக்ரோபரில் அமெரிக்காவின் யூட்டாப் பாலைநிலத்தில், ஏவுகணையொன்று கட்டிடங்களின் மீது பறந்து, சுவருக்குச் சேதமின்றி உள்ளே இருந்த கணினிகளை நுண்ணலைகளால் நிறுத்திக் காட்டியது.

இயற்கையும் நமக்கு எச்சரிக்கை தந்திருக்கிறது. 1989 மார்ச் 13 அதிகாலையில், சூரியனிலிருந்து கிளம்பிய புயல் பூமியின் காந்தப்புலத்தைக் குலைத்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் மின்வலையமைப்பு முழுவதும் ஏறத்தாழ 90 செக்கன்களில் வீழ்ந்தது. 60 இலட்சம் மக்கள் ஒன்பது மணித்தியாலம் இருளில் இருந்தனர். மேலே நான் கூறிய மூன்றாவது கட்டத் துடிப்பும் இச்சூரியப் புயலும் மின்கம்பிக்குச் செய்யும் தீங்கு ஒரே வகையினது.

மிகையும் வேண்டாம், மெத்தனமும் வேண்டாம்

இவ்விடயத்தில் இரு வகை மாந்தரைக் காண்கின்றோம். ஒரே குண்டினால் நாகரிகமே அழிந்துவிடும் என்று அச்சத்தை விற்போர் ஒரு புறம். ஒன்றும் நேராது என்று கண்ணை மூடிக்கொள்வோர் மறுபுறம். இவ்விரு சாராரையும் நாம் பின்பற்ற வேண்டியதில்லை. அமெரிக்கக் காங்கிரஸ் 2001 இல் அமைத்த ஆணைக்குழு, 2004 இலும் 2008 இலும் வெளியிட்ட அறிக்கைகளில் பேரழிவு நேரலாம் என எச்சரித்தது. அந்நாட்டின் மின்வலு ஆராய்ச்சி நிறுவகமோ, பல மாநிலங்கள் இருளில் மூழ்கலாமெனினும் பெரிய மின்மாற்றிகள் திரளாக அழியமாட்டா என்று 2019 இல் கூறியது. அறிஞரிடையே அளவு பற்றிய வேறுபாடு உண்டு. ஆனால் காப்புச் செய்யவேண்டும் என்பதில் வேறுபாடு இல்லை.

ஏனெனில் ஒரு பெரிய மின்மாற்றியைக் கடையில் வாங்க முடியாது. நூற்றுக்கணக்கான தொன் எடையுள்ள அது, கட்டளையிட்ட பின் செய்யப்படுவது. வந்து சேர ஓராண்டும் செல்லும், அதற்கு மேலும் செல்லும். செல்வ நாடுகளே காத்திருக்கும் வரிசையில் ஏழை நாட்டின் இடம் எங்கே என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

நமது தீவையே பாருங்கள். 2025 பெப்ரவரி 9 இல் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே காரணம் எனப் பொறுப்பான அமைச்சர் கூறினார். நாடெங்கும் சிரித்தனர். நானும் சிரித்தேன். ஆயின் பொறியியலாளர் சிரித்துவிட்டு ஒரு கேள்வியையும் கேட்கவேண்டும்: ஓரிடத்துப் பழுது ஓரிடத்தோடு நில்லாமல் தீவு முழுவதையும் ஏன் இருளாக்கியது? ஒரே கயிற்றில் எல்லாக் குடங்களையும் கட்டியிருப்பதால் அன்றோ?

கமக்காரருக்கு இது அந்நியமான செய்தியன்று. துலா மிதித்து நீர் இறைத்த நம் முன்னோருக்கு மின்தடை என்பது தெரியாது. அக்காலத்துக்குத் திரும்புவோம் என்று நான் கூறவில்லை. மின்சாரம் வந்ததால் இடுப்பு முறியும் உழைப்புக் குறைந்தது, அது நன்மையே. ஆயினும் வெங்காயப் பயிருக்கு நீர் வேண்டிய வாரத்தில் மின்சாரம் நின்றால், மாற்று வழி ஒன்று கிணற்றடியில் இருக்கவேண்டும்.

செய்யத்தக்கவை

மின்னியல் உத்தியோகத்தருக்குச் சொல்கிறேன்: வைத்தியசாலையின் மின்பிறப்பாக்கியையும் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியையும் உலோகக் கூட்டினுள் வைத்து, கம்பி நுழையும் இடத்தில் மின்னெழுச்சி தடுப்பான் பொருத்துவது பெருஞ் செலவன்று. மின்னலுக்கும் அது காப்பு. வலையமைப்பு வீழும் வேளையில் பகுதி பகுதியாகப் பிரிந்து தனித்தியங்கும் ஏற்பாடு வேண்டும். கூரைமேற் சூரியத் தகடு பொருத்தியோர் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள்: மின்கலமும் தனித்தியங்கும் மாற்றியும் இல்லாத சாதாரண அமைப்பு, ஊர் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். பகல் வெயில் கொளுத்தும்போதும் அதனால் ஒரு விளக்கையும் ஏற்ற இயலாது.

கமக்காரருக்குச் சொல்கிறேன்: சில்லுகள் இல்லாத பழைய மண்ணெண்ணெய் யந்திரம் இருந்தால் விற்றுவிடாதீர்கள். கூட்டுறவுச் சங்கங்கள் கடன், விதை, உரம் பற்றிய கணக்கின் பிரதியொன்றைக் கடதாசியிலும் பேணட்டும். பழுது பார்க்கத் தெரிந்த கைகள் ஊரிலேயே இருக்குமாறு இளைஞரைப் பயிற்றுங்கள்.

சட்டமே முதற் காப்பு

இவையெல்லாம் விழுந்த பின் எழுவதற்கான வழிகள். விழாமலிருப்பதற்கு வழி யாது? 1962 இன் இரு பரிசோதனைகளும் ஏன் மீண்டும் தொடரவில்லை? 1963 ஓகஸ்ற் 5 இல் மொஸ்கோவில் அமெரிக்காவும் பிரித்தானியாவும் சோவியத் ஒன்றியமும் ஓர் உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. காற்று மண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுகுண்டுப் பரிசோதனை செய்வதில்லை என்பதே அது. இலங்கையும் அதே ஆண்டில் அதில் கைச்சாத்திட்டது. 1967 இல் விண்வெளியில் அணுவாயுதங்களை நிறுத்தக்கூடாது என்ற உடன்படிக்கையும் வந்தது.

இன்று அவ்வேலி தளர்கிறது. ரஷ்யா செய்மதிகளை அழிக்கும் அணுவாயுதமொன்றை விண்வெளிக்கென உருவாக்குகிறது என 2024 இல் அமெரிக்கா குற்றஞ்சாட்டியது. ரஷ்யா அதனை மறுத்தது. 1967 உடன்படிக்கையை மீள உறுதிசெய்யும் தீர்மானம் 2024 ஏப்ரல் 24 இல் பாதுகாப்புச் சபைக்கு வந்தபொழுது 13 நாடுகள் ஆதரித்தன; சீனா வாக்களியாதிருந்தது; ரஷ்யா தன் தடையுரிமையால் அதனை வீழ்த்தியது. அமெரிக்காவும் கைசுத்தமானதன்று. சகல அணுப் பரிசோதனைகளையும் தடைசெய்யும் 1996 உடன்படிக்கையில் கைச்சாத்திட்ட அந்நாடு, அதனை உறுதிப்படுத்தவே இல்லை. ரஷ்யாவும் தான் முன்னர் கொடுத்த உறுதிப்பாட்டை 2023 இல் மீளப் பெற்றது. அதே 2023 இல் இலங்கை அவ்வுடன்படிக்கையை உறுதிப்படுத்தியது.

சிறிய மக்களால் என்ன செய்யமுடியும் என்று சோர்வடைய வேண்டாம். அந்தக் கசாக்கு மக்களே நமக்கு உதாரணம். 1989 பெப்ரவரியில் ஒல்ஜாஸ் சுலைமேனவ் என்னும் கவிஞர் அணுப் பரிசோதனைகளுக்கு எதிராகக் குரல் எழுப்பினார். இலட்சக்கணக்கானோர் அவர் பின் திரண்டனர். 456 பரிசோதனைகள் நடந்த செமிபலற்றின்ஸ்க் களம் 1991 ஓகஸ்ற் 29 இல் மூடப்பட்டது. ஐக்கிய நாடுகள் சபை அந்நாளை அணுப் பரிசோதனைகளுக்கு எதிரான சர்வதேச தினமாக 2009 இல் பிரகடனஞ் செய்தது. கேட்கப்படாதிருந்த மக்கள் தம் குரலை உலகம் கேட்கச் செய்தனர்.

ஆதலின், வாக்குக் கேட்டு உங்கள் வாயிலுக்கு வருவோரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். நமது வைத்தியசாலையும் நீர்த்தாங்கியும் மின்வலை வீழ்ந்தால் எத்தனை நாள் தாங்கும்? விண்வெளியில் அணுவாயுதம் கூடாது என்று உலக மன்றத்தில் நமது நாடு உரத்துச் சொல்லுமா? விடை தெரியாதவர் விடை அறிந்து வரட்டும். கேட்பது நமது உரிமை. கேளாமல் விடுவது நமது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் தீங்கு.