பிடி சூழ்ந்த நிலம்



உழவன் ஒருவன் தன் நிலத்தை விற்கப் பதிவகம் செல்கின்றான். ஆவண எழுத்தர் அந்நிலத்தின் நான்கெல்லைகளையும் எழுதி, மேலே 'செக்குபந்தி' எனத் தலைப்பிடுகின்றார். செக்கென்றால் எண்ணெய் ஆட்டுவது. பந்தியென்றால் உண்ண அமரும் வரிசை. இவ்விரண்டும் தன் நிலத்துள் எவ்வாறு புகுந்தன என்பதை அவ்வுழவன் யாரிடம் போய்க் கேட்பான்? அஃது அயலார் ஆட்சி விட்டுச்சென்ற சொல். ஆனால் அத்தலைப்பின் கீழுள்ள எழுத்தைப் பாருங்கள். 'இன்னார் நிலத்திற்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு' என்று எல்லை கூறும் அம்முறை அயலார் தந்ததன்று. பல்லவர் செப்பேடுகளிலேயே அது முழுவடிவில் உள்ளது.

8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவருமன் வழங்கிய கசாக்குடிச் செப்பேடு அம்முறையின் நடைமுறையையும் காட்டுகின்றது. மன்னன் ஓலை வந்தது. நாட்டார் அதனைத் தொழுது தலைமேற் கொண்டனர். பின்னர்ப் படாகை நடந்தனர். அஃதாவது, எல்லையைக் காலால் நடந்து சுற்றினர். சுற்றிய வழியெல்லாம் கல்லும் கள்ளியும் நாட்டினர். கல் சரி, கள்ளி எதற்கு? ஒடித்து நட்டாலே வேர்கொள்ளும், கோடையிலும் காயாது, ஆடு மாடு மேயா. கல்லை ஓரிரவில் பெயர்த்து நடலாம்; வளர்ந்து படர்ந்த கள்ளிவேலியை எவன் ஓரிரவில் பெயர்ப்பான்? நிலத்திருடனை நன்கறிந்தவர்கள் வகுத்த ஏற்பாடு அது!

சோழர் காலத்தில் பிடியும் உடன் வந்தது. பிடியென்பது பெண்யானை. முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் நாகப்பட்டினத்துப் புத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். அப்பள்ளி கடாரத்தரசன் எடுப்பித்தது. அக்கொடையைக் கூறும் செப்பேடு பிற்காலத்தில் ஆலந்து நாட்டு இலெய்டன் நகரை அடைந்தமையால் இலெய்டன் செப்பேடு எனப்பட்டது. நாட்டார் பிடி சூழ்ந்து, பிடாகை நடந்து, கல்லும் கள்ளியும் நாட்டி, அறவோலை எழுதிக் கொடுத்தனர். பிடாகையெனினும் படாகையெனினும் ஒன்றே. அறவோலையென்பது அறக்கொடைக்கு எழுதும் ஆவணம். சுற்றூரார் அதிற் கையெழுத்திட்டனர். பக்கத்து ஊரான் ஒப்பாத எல்லை எல்லையாகுமா?

அச்செப்பேட்டின் ஏடுகள் 21. வடமொழிக்கு 5, தமிழுக்கு 16. வடமொழி ஏடுகள் அரசர் குடிவழியைப் புகழ்ந்துவிட்டு, பிடி சூழ்ந்து எல்லை தெளிந்த செய்தியை ஒரு தொடரில் சொல்லிக் கடக்கின்றன. தமிழ் ஏடுகளோ வாய்க்கால் வாய்க்காலாக, வரப்பு வரப்பாக நடக்கின்றன. மேற்கே திரும்பிய இடம், தெற்கே இறங்கிய இடம் அனைத்தும் அவற்றிலுண்டு. உடும்பு ஓடுமிடமும் ஆமை தவழுமிடமும் கூட விடுபடவில்லை. புகழ் எம்மொழியிலும் இருக்கலாம். நிலத்தைச் சொல்ல நாட்டார் மொழிதான் வேண்டியிருந்தது. பின்னாளில் வழக்கு வந்தால் அவ்வேட்டைப் படித்து, அவ்வழியே மீண்டும் நடக்க வேண்டியவர் அவரே அல்லரோ!

ஆயிரமாண்டு கடந்தும் உழவன் ஆவணத்தில் அதே எல்லைகள் அதே முறையில் எழுதப்படுகின்றன. தலைப்பு மட்டும் அயலானுடையது. நாளைக்கே ஓர் ஆவண எழுத்தர் 'செக்குபந்தி'யை அடித்துவிட்டு 'நான்கெல்லை' என்று எழுதட்டும். நிலம் ஒரு முழமும் குறைந்துவிடாது.