படிநீளம் குறிக்காத சாய்வு



2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்களை மண்சரிவு மூடியது. அது நடந்த பதுளை மாவட்டத்திலே கூடியிருக்கும் நாம், எண்சார் கணிதத்தின் பழைய கேள்வியொன்றை இங்கேயே எழுப்புவது பொருத்தம். சாய்வு என்பது உயரத்தின் பெறுதி. ஆனால் நமுனுகுலையின் உயரத்தை எந்தச் சார்பும் எழுதித் தருவதில்லை; இடைவெளி விட்டு அளந்த எண்கள் மட்டுமே கையில் உள்ளன. அவற்றைக் கழித்து, இடைவெளியால் வகுத்துச் சாய்வு என்கிறோம். கழித்து வகுக்க எவராலும் முடியும். விடையை எவ்வளவு நம்பலாம் என்பதைச் சொல்ல, அந்த வாய்பாட்டைத் தெயிலர் தொடரிலிருந்து வருவித்தாக வேண்டும்.

ஒரு படி (அதாவது ஓர் இடைவெளி) மேலே உள்ள உயரத்தைத் தொடராக விரித்தால், இருக்கும் புள்ளியின் உயரம், படி பெருக்கிய முதற் பெறுதி, படிவர்க்கத்தின் பாதி பெருக்கிய இரண்டாம் பெறுதி, படிக்கனத்தின் ஆறிலொன்று பெருக்கிய மூன்றாம் பெறுதி என உறுப்புகள் வரும். மேற்புள்ளியை மட்டும் நம்பும் முன்னோக்கு வித்தியாசத்தில் வழு படிநீளத்தோடு ஏறி இறங்கும். ஒரு படி கீழேயும் விரித்து, மேலதிலிருந்து கழித்தால் இரண்டாம் பெறுதி தானே ஒழிந்துவிடும். இப்படிப் பெறும் மத்திய வித்தியாசத்தில் எஞ்சும் வழு படிவர்க்கத்தின் ஆறிலொன்றை மூன்றாம் பெறுதியால் பெருக்கியது. படியைப் பாதியாக்கினால் முன்னதில் வழு ஏறக்குறையப் பாதியாகும், பின்னதில் காற்பங்காகும். 1911இல் கணிதவியலாளர் ரிச்சர்ட்சன் கற்கட்டு அணையொன்றின் தகைப்பைக் கணித்தபோது, வழு இப்படிப் படிவர்க்கத்தைப் பின்பற்றுவதை வைத்தே இரு படிநீளங்களின் விடைகளிலிருந்து மேலும் திருத்தமானதொன்றைப் பெறும் வழியைக் காட்டினார். வாய்பாட்டை மனனம் செய்தவருக்கு அந்த வழி தோன்றியிராது.

அப்படியானால் படியைக் குறைத்துக்கொண்டே போகலாமே என்பார்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். முப்பது மீற்றர் இடைவெளியில் உயரங்கள் உள்ளன, ஒவ்வொன்றும் 3 மீற்றர் பிழைக்கலாம் என்று கொள்வோம். மத்திய வித்தியாசத்தில் சாய்வின் பிழை மோசமான நிலையில் 60இல் 6, அதாவது 0.1. மெய்ச்சாய்வு 0.5 என்றால் நமக்குக் கிடைப்பது 0.4 முதல் 0.6 வரை எதுவும் ஆகலாம். கோணத்தில் 22 பாகையிலிருந்து 31 பாகை. அதே அளவு பிழைக்கக்கூடிய உயரங்களை 5 மீற்றர்ப் படியில் அளந்து கணித்தால் பிழை 0.6 வரை போகும், சாய்வையே விழுங்கிவிடும். (அயற்புள்ளிகளின் பிழைகள் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் ஓரளவு கழிபடும், அதை முன்கூட்டியே எண்ணிக்கொள்வது கணிதமல்ல, வேண்டுதல்.) நீர் சேரும் குழிவுகளைக் காட்டும் இரண்டாம் பெறுதியின் நிலை இன்னும் மோசம், அங்கே வகுப்பது படியின் வர்க்கத்தால். வாய்பாட்டின் வழுவையும் அளவைப் பிழையால் வரும் வழுவையும் கூட்டிச் சிறுமமாக்கினால், மத்திய வித்தியாசத்துக்கு உகந்த படி அளவைப் பிழையின் கனமூலத்தோடு மாறும். கருவியின் பிழையை ஆயிரத்தில் ஒன்றாக்கினாலும் படி பத்தில் ஒன்றாக மட்டுமே குறையலாம். ட்ரோன் வாங்கினால் எல்லாம் தீரும் என்போருக்கு இதுவே என் பதில்.

வலுவான மறுப்பு இன்னொன்று உண்டு: தெயிலர் தொடருக்கு ஒப்பமான சார்பு வேண்டும், தோட்டத்து மலையோ வெட்டப்பட்ட மலை. உண்மைதான். லயனின் பின்புறம் 3 மீற்றர் உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டிய மண்சுவரை எண்ணிப் பாருங்கள். அறுபது மீற்றர் அகல மத்திய வித்தியாசம் அச்சுவரைச் சாய்வோடு கூட்டும் 0.05 ஆகவே காணும், மூன்று பாகைக்கும் குறைவு. ஆனால் இது வருவித்தலைக் கைவிடக் காரணமாகாது. மூன்றாம் பெறுதிக்கு எல்லை இல்லாத இடத்தில் வாய்பாடு செல்லாது என்று நம்மை எச்சரிப்பதே அந்த வழு உறுப்புத்தான். விளிம்பைத் தாண்டாமல், ஒரே பக்கத்து மூன்று புள்ளிகளால் பெறுதியை எடுக்கலாம். வழு மத்திய வித்தியாசத்தைப் போல இருமடங்கு, எனினும் படிவர்க்கத்தின் வரிசையே. சுவரை நாடாவால் தனியே அளந்து பதிய வேண்டும்.

மண்சரிவுக்குச் சாய்வு ஒன்றே காரணமல்ல; தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் வலயப்படுத்தல் பாறை, மண்மூடி, நீர், நிலப்பயன்பாடு, நிலவடிவம் ஆகியவற்றையும் எடை போடுகிறது. அதனாலேயே, அந்தத் தராசில் ஏறும் சாய்வு தன் வழுவையும் சொல்லிக்கொண்டு ஏற வேண்டும். இன்று இங்கே படிக்கப்படும் கட்டுரைகளில் சாய்வு என்று ஓர் எண் வந்தால், அதன் படிநீளத்தையும் உயரப் பிழையையும் கேட்கும்படி அவையை வேண்டுகிறேன்.