நம் தெருவை நாமே வரைவோம்

(குறுவள மையக் கூட்டத்தில் தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்துப் பள்ளிகளில் இருபது ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். இன்று வரைபடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முதலில் என் தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்புத் திருப்புதல் தேர்வில், இந்திய வரைபடத்தில் எண்ணூர்த் துறைமுகத்தைக் குறிக்கச் சொல்லியிருந்தேன். ஒரு மாணவன் அதை ஆந்திரக் கரையில், விசாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தான். பூஜ்ஜியம் போட்டேன். விடைத்தாளைக் கொடுக்கும்போது, "உங்க அப்பா எங்கே வேலை பார்க்கிறார்?" என்று கேட்டேன். "துறைமுகத்துக்குப் பக்கத்துலதான் சார் வலை போடுவாரு" என்றான். தினமும் கண்ணால் பார்க்கும் இடத்தை அவனால் தாளில் வைக்க முடியவில்லை. அந்தப் பூஜ்ஜியம் அவனுக்குரியதா எனக்குரியதா என்று அன்றிரவு வெகுநேரம் யோசித்தேன்.

எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது, 2014இல் காமராஜர் துறைமுகம் எனப் பெயர் மாறியது. இதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். நம் வகுப்பறையில் வரைபடம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் புள்ளிகளாகச் சுருங்கிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் நிலவரைபடத் திறன்கள் என்று ஒரு பாடமே இருக்கிறது. அதையும் கரும்பலகையில் எழுதிப்போட்டுத்தான் முடிக்கிறோம்.

மறுவாரம் அதே வகுப்பிடம் வெள்ளைத் தாள் கொடுத்து, "வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியை வரையுங்கள்" என்றேன். மீனவக் குப்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலர் கடலைத் தாளின் மேல்பக்கத்தில் வரைந்திருந்தார்கள். "வடக்குதான் மேலே வர வேண்டும்" என்று சிவப்பு மையால் திருத்தினேன். இரண்டாவது தவறு அது. வீட்டு வாசலில் நின்றால் எதிரே தெரிவது கடல். அதனால் அவர்கள் கண்ணுக்குக் கிழக்குதான் மேல். திசைகாட்டிக் குறி ஒன்றைப் போடச் சொல்லியிருந்தால் போதும், அந்தப் படம் சரியான படம்தான். வடக்கு மேலே இருக்க வேண்டும் என்பது நாம் வைத்துக்கொண்ட வழக்கம், இயற்கை விதி அல்ல.

மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு வரைபட அறிவு புதிதல்ல. கரை மங்கலாகத் தெரியும் தூரத்தில் நிற்கும் படகிலிருந்து, தான் இருக்கும் இடத்தை மீனவர் எப்படித் தெரிந்துகொள்கிறார்? கரையில் உள்ள இரண்டு அடையாளங்களை, அனல்மின் நிலையப் புகைபோக்கியையும் கோயில் கோபுரத்தையும் என்று வைத்துக்கொள்வோம், ஒன்றன்பின் ஒன்றாக ஒரே கோட்டில் வரும்படி பார்க்கிறார். வேறு பக்கத்தில் இன்னும் இரண்டை அதேபோல் சேர்க்கிறார். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் படகு நிற்கிறது. வடக்கிலிருந்து வரும் நீரோட்டத்தை வன்னி என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தெண்டி என்றும் நம் கரையில் சொல்கிறார்கள். தாள் இல்லையே தவிர, திசை, தூரம், குறியீடு எல்லாம் அதில் இருக்கிறது.

இதே வடிவியலை வைத்துத்தான் இந்தியாவே அளக்கப்பட்டது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே சுமார் 12 கிலோமீட்டர் நீள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் உள்ள ஒரு புள்ளியைப் பார்த்துக் கோணம் எடுத்தால், நடந்து அளக்காமலே அதன் தூரத்தைக் கணக்கிடலாம். அப்படி முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கட்டி இமயம் வரை போனார்கள். அதற்கும் முன்பே, 1794இல், புனித ஜார்ஜ் கோட்டை அருகே எட்டு மாணவர்களோடு தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பின்னாளில் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. இவ்வளவும் நம் ஊரில் நடந்தவை. எட்டாம் வகுப்பு முக்கோணப் பாடத்தோடு இதைச் சேர்த்துச் சொன்னால் கணக்கு ஆசிரியருக்கும் உதவும்.

வரைபடத்தை மக்களிடம் கொண்டுசெல்வது அரசுத் துறைகளின் வேலை மட்டும் அல்ல என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 1926இல் சென்னையில் மதராஸ் புவியியல் கழகம் தொடங்கப்பட்டது. பள்ளிகளில் புவியியல் கற்பித்தலை மேம்படுத்த ஆசிரியர்கள் அதில் முன்னின்று உழைத்தார்கள். அதுவே பிறகு இந்தியப் புவியியல் கழகமாயிற்று. 1979இல் இந்திய தேசிய நிலவரைபடவியல் கழகம் உருவானது. 'இன்கா' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். நில அளவையாளர்கள், பேராசிரியர்கள், தொலையுணர்வு அறிஞர்கள் எனப் பலர் தங்கள் வேலைக்கு நடுவே நேரம் ஒதுக்கி நடத்தும் அமைப்பு அது. ஆண்டு மாநாடு கூட்டுகிறார்கள், ஆய்விதழ் வெளியிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கும் அவர்களிடம் இடம் உண்டு.

பன்னாட்டு நிலவரைபடவியல் சங்கம் 1993 முதல் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்பரா பெட்சனிக் நினைவாகக் குழந்தைகள் வரைபடப் போட்டி நடத்துகிறது. பதினைந்து வயது வரை உள்ளவர்கள் கலந்துகொள்ளலாம். கொடுத்த தலைப்பில், ஏ3 அளவுத் தாளுக்குள் உலகத்தை வரைய வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் தேசிய அளவில் தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். நம் நாட்டுக்கு அந்த வேலையை இன்கா செய்கிறது. நம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளும் அனுப்பலாம். ஆனால் உலகத்தை வரைவதற்கு முன் தெருவை வரையட்டும் என்பது என் எண்ணம். ஏன் என்று சொல்கிறேன்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு. எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலுக்கடியில் செல்லும் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மூச்சு முட்டி, கண் எரிந்து, மக்கள் இருட்டில் வீட்டைவிட்டு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லை. நான் பாடத்தை எடுக்கவில்லை. "அன்றிரவு எந்தப் பக்கம் ஓடினீர்கள்? அம்புக்குறி போடுங்கள்" என்று தாள் கொடுத்தேன்.

முப்பத்திரண்டு தாள்களையும் தரையில் பரப்பிப் பார்த்தோம். பெரும்பாலான அம்புகள் ஒரே சந்தில் போய்ச் சேர்ந்தன. அவ்வளவு பேரும் அந்தச் சந்தில் ஒரே நேரத்தில் நெருக்கியடித்திருக்கிறார்கள். பக்கத்திலேயே இன்னொரு வழி இருந்தது சிலருக்குத் தெரியவே இல்லை. ஒரு மாணவி தன் வீட்டருகே அம்புக்குறி போடாமல் ஒரு புள்ளி மட்டும் வைத்திருந்தாள். கேட்டேன். "ஆயாவால நடக்க முடியாது சார். நாங்க கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருந்தோம்" என்றாள். வகுப்பு அமைதியானது. அந்தப் புள்ளியைப் பார்த்தபோதுதான் வரைபடம் எதற்கு என்று எனக்கே விளங்கியது.

பிறகு ஒரு மாதம் வேலை செய்தோம். நான்கு பேர் கொண்ட குழுக்கள். ஒரு தெரு ஒரு குழுவுக்கு. பத்து அடி எடுத்து வைத்தால் எத்தனை மீட்டர் என்று பள்ளி மைதானத்தில் முதலில் அளந்துகொண்டார்கள். பிறகு தெருவை அடிகளால் அளந்தார்கள். ஐந்நூற்றில் ஒரு பங்கு என்று அளவு வைத்து, அதாவது தாளில் ஒரு சென்டிமீட்டருக்குத் தரையில் ஐந்து மீட்டர் என்று வரைந்தார்கள். குடிநீர்க் குழாய், மேடான இடம், மின்மாற்றி, வண்டி நுழைய முடியாத சந்து, நடக்க இயலாத முதியோர் இருக்கும் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் குறியீட்டைப் பிள்ளைகளே தீர்மானித்தார்கள். காற்றுத் திசையைக் காட்ட ஓர் அம்பைத் தனியாக அட்டையில் வெட்டி, திருப்பக்கூடியதாகக் குண்டூசியில் பொருத்தினார்கள். வாயு பரவினால் காற்றுக்குக் குறுக்கே விலகிப் போக வேண்டும் என்பதை அந்த அம்பைத் திருப்பித் திருப்பித்தான் கற்றார்கள்.

படத்தைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்தோம். பெற்றோர் மூன்று பிழைகளைக் கண்டுபிடித்தார்கள். திறந்த வழி என்று நாங்கள் காட்டியிருந்த ஒரு சந்தைச் சுவர் எழுப்பி அடைத்து மாதங்கள் ஆகியிருந்தன. அதைத் திருத்தினோம். வரைபடத்தை யார் வரைகிறார்கள், யார் சரிபார்க்கிறார்கள் என்பது எவ்வளவு முக்கியம் என்று நம் பகுதிக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எண்ணூர்க் கழிமுகத்தை 1996இன் கடற்கரை வரைபடம் ஒரு விதமாகவும் பிற்கால வரைபடம் வேறு விதமாகவும் காட்டுவது பற்றி 2017இல் எழுந்த விவாதத்தைச் செய்தித்தாளில் படித்திருப்பீர்கள். வரைபடம் படிக்கத் தெரிந்தவரால்தான் அப்படிக் கேள்வி கேட்க முடியும்.

ஆசிரியர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள்.

தொடக்கப் பள்ளியில் வகுப்பறையிலிருந்தே தொடங்கலாம். மேசை மேல் தீப்பெட்டியை வைத்து, மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்று வரையச் சொல்லுங்கள். மேலிருந்து பார்க்கும் பார்வை பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்து வகுப்பறை, அதன்பின் பள்ளி வளாகம்.

உயர்நிலை வகுப்புகளில் பிள்ளைகள் வரைந்த தெருவை இந்திய நில அளவைத் துறையின் 1:50,000 அளவு வரைபடத்தோடு ஒப்பிடுங்கள். அத்துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து இலவசமாக எடுக்கலாம். எது விடுபட்டிருக்கிறது, எது மாறியிருக்கிறது என்று அவர்களே சொல்லட்டும். நாட்டு எல்லையை வரையும்போது மட்டும் அத்துறை ஒப்புதல் தந்த புறவரிப் படத்தையே பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, முதியோர் வீடுகளைக் குறித்த படத்தில் பெயர் எழுதாதீர்கள். புலனக் குழுக்களில் பகிராதீர்கள். அது ஊருக்குள் இருக்க வேண்டிய படம்.

செலவு அதிகமில்லை. எங்களுக்கு ஆனது ஆறு சார்ட் தாள், ஒரு பந்து சணல், ஒரு பெட்டி வண்ணப் பென்சில். நேரம்தான் கேட்கும். வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கினால் ஒரு பருவத்தில் முடிக்கலாம்.

அந்தப் படம் இப்போதும் எங்கள் வகுப்பறைச் சுவரில் இருக்கிறது. ஆண்டுதோறும் புதிய வகுப்பு வந்து அதைச் சரிபார்க்கிறது. போன ஆண்டு ஆயாவின் வீட்டுப் புள்ளிக்கு எதிரே ஒரு சிறு சக்கரக் குறி சேர்ந்திருந்தது. பக்கத்து வீட்டில் தள்ளுவண்டி இருக்கிறதாம். தேவைப்பட்டால் அதில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம் என்று பிள்ளைகளே பேசி முடிவு செய்து போட்ட குறி அது.

அடுத்த குறுவள மையக் கூட்டத்துக்கு வரும்போது, ஒவ்வொரு பள்ளியும் தன் பிள்ளைகள் வரைந்த ஒரு தெருப் படத்தையாவது கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அழகாக இருக்க வேண்டியதில்லை. கடல் மேலே இருந்தாலும் பரவாயில்லை. திசைக்குறி இருக்கட்டும்.